அப்பாவுக்குச் சில பாலங்கள்

லியுப்லியானா,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நீங்களும் அம்மாவும் நலமா என அறிய ஆவல். ஸ்லோவேனியாவுக்கு வந்து இரண்டு மாதமாகியும் வீட்டையும் அலுவலகத்தையும் தவிர வேறெதையும் பார்க்காதிருந்த நான், இன்று காலையில் கிளம்பி இந்தத் தலைநகரை நடந்தே சுற்றிவிட்டேன். பழைய நகருக்குள் 2007 முதல் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை என்பதால், ஆரன் சத்தத்துக்கு ஒதுங்காமல் தெரு நடுவிலேயே நடக்கலாம். நடக்க இயலாதவர்கள் கைகாட்டி ஏறிக்கொள்ளச் சிறிய பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன, காசு வாங்குவதில்லை. உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் ஓவர்சீயராக இருந்த உங்களுக்குப் பாலங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். 1842இல் கட்டிய கல் பாலம் ஒன்று பிற்காலப் போக்குவரத்துக்குக் குறுகலாகிவிட, யோஜெ பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் அதை இடிக்காமல், அதன் இருபுறமும் நடப்பவர்களுக்கென்று தனித்தனிப் பாலத்தைச் சற்றே சாய்வாகச் சேர்த்து 1932இல் முடித்திருக்கிறார். மூன்றும் ஒன்றையொன்று முட்டாமல் ஒரே சதுக்கத்தில் வந்து கூடுகின்றன. அங்கிருந்து லியுப்லியானிட்சா ஆற்றை நோக்கிப் படிகள் இறங்குகின்றன. பார்த்தால் நம் படித்துறை போலத்தான் இருக்கிறது, குளிப்பவர்தான் எவருமில்லை.

அந்தச் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் அரசரோ தளபதியோ அல்லர், பிரெஷெரென் என்ற கவிஞர். அவர் மறைந்த பிப்ரவரி 8 அரசு விடுமுறை. அவர் விரும்பியும் கைகூடாத யூலியா என்ற பெண்ணின் உருவத்தை எதிர்த்தெரு வீட்டுச் சுவரில் பதித்து, சிலையை அந்தப் பக்கம் பார்க்கவைத்திருக்கிறார்கள். பாவம், நூறாண்டுக்கு மேலாகியும் அவருக்கு விடுதலை இல்லை.

மதியம் சந்தைக்கு அருகே ஆற்றோரம் அமர்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அம்மா கேட்பார்கள், ஊறுகாயும் இருந்தது. பிறகு கோட்டைக் குன்றில் ஏறினேன். விஞ்ச் இருந்தும் நடந்தே ஏறியதன் பலனைக் கெண்டைக்கால் இப்போது அனுபவிக்கிறது. மேலே மேகம் மூடியிருந்ததால் ஆல்ப்ஸ் மலை தெரியவில்லை.

திரும்பும் வழியில் டிராகன் பாலம். 1895 நிலநடுக்கத்தில் பழுதான மரப்பாலத்துக்குப் பதிலாக 1901இல் திறந்தது. சுமார் 33 மீட்டர் அகலத்தை நடுவில் தூணில்லாமல் ஒரே வளைவில் தாண்டும் ஆர்.சி.சி. பாலம். அப்போது இந்த நகரை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெப்பின் நாற்பதாண்டு ஆட்சியைக் கொண்டாட அவர் பெயரை வைத்து, 1848, 1888 என்ற ஆண்டுகளையும் பொறித்தார்கள். பேரரசு போனதும் 1919இல் அந்தப் பெயரும் போய், நான்கு மூலையிலும் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும் டிராகன்களின் பெயரே நிலைத்துவிட்டது. எல்லாரும் டிராகன்களோடு நின்று படமெடுத்துக்கொண்டிருக்க, நான் கரையோரம் குனிந்து வளைவின் அடிப்பக்கத்தைப் படமெடுத்ததை ஒரு முதியவர் சந்தேகத்தோடு பார்த்தார். அந்தப் படங்களைத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன்; பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்