விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு நம் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வரும் போன் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஸ்கிரீன் முழுக்க ஓர் அறிவிப்பு வருகிறது, விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறது, பதினொன்றுக்கு மாறலாமா, இல்லை புது சிஸ்டமே வாங்க வேண்டுமா? கீழக்கரையிலிருந்து ஒருவர், "ஏன் காக்கா (அண்ணே), சிஸ்டம் இனி ஆன் ஆகாதா?" என்றே கேட்டார். பாம்பன் முதல் தேவிபட்டினம் வரை ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

ஆன் ஆகும். பயம் வேண்டாம். 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இனி ஏதாவது ஓட்டை தெரியவந்தால் வழக்கம்போல அடைத்துத் தர ஆள் இல்லை. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாதாமாதம் அடைப்பு வரும்போது, எந்த இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று திருடர்களும் பிரித்துப் பார்ப்பார்கள். அதே ஓட்டை பத்திலும் இருந்தால் அங்கே அது திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் ஊர் ஊராக ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அதற்கான அடைப்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட இடங்களில்தான் அது புகுந்தது.

அதனால் ஒரு சிஸ்டம் டேபிளுக்கு வந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, இதில் என்ன வேலை நடக்கிறது, நெட் உண்டா என்பதுதான். ஐஸ் கம்பெனி மூலையில் எடை மெஷினோடு சீரியல் கேபிளில் கட்டிப்போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு மட்டும் அடிக்கிற கணினியா? நெட்டே இல்லையா? அதைத் தொடாதீர்கள். பழைய டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. நன்றாக ஓடுகிறதைக் கெடுத்துக்கொள்வானேன். கண்ட பென் டிரைவையும் அதில் சொருகாமல் இருந்தால் போதும்.

ராமேஸ்வரம் லாட்ஜ் கவுண்டரில் இருப்பது வேறு கதை. வருகிற யாத்திரிகர்களின் ஆதார் நகல் எல்லாம் அதில் கிடக்கிறது, நாள் முழுக்க நெட்டில் இருக்கிறது, அதிலேயே பேங்க் வேலையும் நடக்கிறது. இ-சேவை வைத்திருப்பவர்கள், மீன் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். இவர்கள் தள்ளிப்போடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

சரி, மாறலாம் என்றால் உங்கள் சிஸ்டம் அதற்குத் தாங்குமா? "ஐ5 தானே அண்ணே, அதெல்லாம் தாங்கும்" என்று பலர் சொல்வார்கள். ஐ5 என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7400 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, சேராது. ஐ5-8250யு என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, சேரும். ஐ3-10100 என்பது பத்தாம் தலைமுறை. ஐ3 என்றாலும் அந்தப் பழைய ஐ5-ஐத் தாண்டி உள்ளே போய்விடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் இந்த எண் தெரியும். இது போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். 4 ஜிபி என்று அவர்கள் சொல்கிறார்கள்; 8 இல்லாமல் நாங்கள் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. எட்டாம் தலைமுறை சிஸ்டத்திலும் 'தகுதி இல்லை' என்று வந்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். பல போர்டுகளில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் செட்டிங்கில்) ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். ஆன் செய்தால் வேலை முடிந்தது.

எண் சரியாக இருந்தாலும் நம் கரையில் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. கேபினட்டைத் திறந்து பார்க்காமல் நாங்கள் எந்த முடிவும் சொல்வதில்லை. வேதாளை, மண்டபம் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலோரம் இருந்த சிஸ்டத்தைத் திறந்தால் முதலில் பின்பக்கத் தகடு துருவாக உதிரும். ஃபேன் இறக்கைகளில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கருப்பாக அப்பியிருக்கும், ஊதினால் போகாது, சுரண்டத்தான் வேண்டும். ராமைக் கழற்றினால் அதன் பொன்னிறப் பற்கள் மங்கியிருக்கும். ரப்பர் வைத்துத் தேய்த்துப் போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆனால் போர்டில் கால்களைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால், அந்தச் சிஸ்டத்துக்கு எதையும் வாங்கிப் போடாதீர்கள். இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலம் தாண்டுமா என்பது சந்தேகம். அப்படிப்பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறோம்.

போர்டு சுத்தமாக இருந்தால், பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். விண்டோஸ் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இது செலவுக்குத் தகுந்த வேலை. 'ரொம்ப ஸ்லோ, அதனால் பதினொன்று போடுங்க' என்று வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வதும் இதுதான். விண்டோஸ் 11 போட்டதால் வேகமான பழைய கணினியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

தகுதி இல்லாத சிஸ்டத்திலும் குறுக்கு வழியில் பதினொன்று ஏற்றலாம், யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஏறும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடும்? கோர் 2 டுவோ காலத்து மிகப் பழைய சிஸ்டங்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அதாவது தொடங்கவே தொடங்காது. பணம் புழங்கும் கணினிக்கு இந்த வேலையை நாங்கள் செய்து தருவதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக் கணினி, தகுதி இல்லை, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் இரண்டு வழி உண்டு. விண்டோஸ் 10 22எச்2 பதிப்பில் இருந்தால் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வைத்துப் பதிந்து, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு கேட்பதில்லை. இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். துபாயில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேச, பிள்ளைகள் படிக்க, தமிழில் கடிதம் அடிக்க அது தாராளம். டேலி கணக்கு மென்பொருள், கைரேகை மெஷின், பழைய பாமினி எழுத்தில் அடித்து பேஜ்மேக்கரில் நோட்டீஸ் போடுகிற வேலை எல்லாம் இருந்தால் லினக்ஸ் பக்கம் போகாதீர்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழையதை அழித்துவிட்டுப் புதிய பதிப்புகளைப் போட்டு மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்த அக்கவுண்டில்தான் இருக்கும். யாரோ கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்த ஈமெயில், பாஸ்வேர்டு தெரியாது என்றால், போர்டு போன அன்று கல்யாண ஆல்பம் முதல் கணக்கு வரை எல்லாம் போச்சு. நாங்களும் எடுக்க முடியாது. அந்த எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அப்புறம், வீட்டிலேயே அப்டேட் போடுகிறவர்கள் யுபிஎஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸே எழாமல் போகலாம். போட்டபின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறது; அதற்குப் பிறகு எல்லாம் அழித்துத்தான் போட வேண்டும்.

படகுகள் கரையேறி மராமத்து நடக்கிற தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஐஸ் கம்பெனி, மீன் கம்பெனிக்காரர்களுக்கு இதற்குத் தோதான நேரம். லாட்ஜ்காரர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களைத் தவிர்த்து எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

டெஸ்க்டாப் என்றால் கேபினட் மட்டும் போதும். மானிட்டர், கீபோர்டு வேண்டாம். லேப்டாப்புக்குச் சார்ஜரையும், பிரிண்டர் அல்லது கைரேகை மெஷின் இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். திறந்து பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கணினிக் கடை,
உச்சிப்புளி