இறுகிய பெடலும் அசையாத சீட் கம்பியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சைக்கிளை வீட்டிலேயே பழுதுபார்க்க முனைவோர் பெரும்பாலும் பொறுமையிழப்பது, துருவேறி இறுகிப்போன பாகங்களைக் கழற்றும்போதுதான். வலது பெடலுக்கு வழக்கமான மரையும், இடது பெடலுக்கு எதிர்மரையும் இருக்கும். இடது பெடலைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும் என்பதை அறியாதவர்கள், பலங்கொண்ட மட்டும் திருகி அதை மேலும் இறுக்கிவிடுகிறார்கள்.

இரும்புச் சட்டத்துக்குள் நெடுங்காலம் அசையாமல் கிடந்த அலுமினிய சீட் கம்பி இன்னும் பிடிவாதமானது. ஈரம் புகுந்ததும் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு பருத்து, இருந்த சிறு இடைவெளியையும் அடைத்துவிடுகிறது. உடனே சுத்தியலை எடுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அடி தவறினால் சட்டமே நசுங்கும். துருநீக்கி எண்ணெயை விளிம்பில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, சீட்டை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்ப்பதே முதலில் செய்ய வேண்டியது. திரும்பப் பொருத்தும்போது கம்பியிலும் பெடல் மரையிலும் மெல்லிதாகக் கிரீஸ் பூசுவது மிக அவசியம்.

இத்தகைய பராமரிப்பு முறைகளைத் தங்கள் நாளிதழ் படங்களுடன் தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்