ஆயாவின் கண்டாங்கி

ஆசிரியருக்கு,

செட்டிநாடு என்றாலே பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போயிருந்த காலத்தில் அந்த வீடுகளைக் கட்டி ஆண்டவர்கள் ஆச்சிமார் என்று அழைக்கப்படும் எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதக்கூடாதா?

என் ஆயாவுக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கண்டாங்கியைத் தவிர வேறு சேலை பிடிக்காது. முரட்டு நூல், பெரிய பெரிய கட்டம், கணுக்காலுக்கு மேலே நிற்கும் கட்டு. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியபோது, "இதற்கு எதற்கு முத்திரை?" என்றார். அம்மாவோ எப்போதும் 'வாயில்' (voile) எனும் மெல்லிய துணிச் சேலையின் கட்சி.

வேலையில் சேர்ந்த அன்று ஆயாவின் பழைய கண்டாங்கியை உடுத்த ஆசைப்பட்டேன். பின்கொசுவம், அதாவது மடிப்புகளைப் பின்பக்கம் வைத்துக் கட்டும் கட்டு, வைக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. ஆயா கட்டிலில் இருந்தபடியே, "மடிப்பை இறுக்கிப் பிடியடி" என்று அதட்டினார். அம்மாவையும் அதட்ட ஓர் ஆள் உண்டு என்பதே எனக்குப் புதுமை. அதற்கு முன் ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆயாவின் பெயரெழுத்து வெட்டிய பித்தளை அண்டாவை இடம் அடைக்கிறதென்று அம்மா விற்றுவிட்டார், அந்தக் கோபம்.

கொசுவம் நின்றது. பேச்சும் திரும்பியது. இப்போது அந்த அண்டாவைத் தேடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்குகிறார் அம்மா.

- ஒரு வாசகி, காரைக்குடி