‘மூக்கு’ வெளிவந்த பத்திரிகை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். அவருடைய ‘மூக்கு’ சிறுகதைக்காக மூத்த நாவலாசிரியர் நாத்சுமே சோசெகி எழுதிய பாராட்டுக் கடிதம்தான் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்கிறார் கட்டுரையாளர். சரிதான். ஆனால் அந்தக் கதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஒரு வரிகூட இல்லையே!

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர்களின் ‘ஷின்ஷிச்சோ’ அது. 1907-ல் தொடங்கியது, நின்றுபோகும், அப்புறம் அடுத்த செட் மாணவர்கள் அதே பெயரில் மறுபடி ஆரம்பிப்பார்கள். 1910-ல் தனிசாகி, 1921-ல் கவாபட்டா என்று பெரிய தலைகள் பலரும் அதில் எழுதிப் பழகியவர்கள்தான். அகுதாகவாவும் நான்கு நண்பர்களும் 1916 பிப்ரவரியில் கொண்டுவந்தது நான்காவது தடவை. முதல் இதழிலேயே ‘மூக்கு’. சாப்பிடும்போது சீடன் ஒருவன் பலகையால் தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு நீண்ட மூக்குள்ள துறவி. பலகை பிடித்த பையன் ஒரு நாள் தும்மிவிட, மூக்கு கஞ்சிக்குள் விழுகிறது. 71 வயதில் படித்தும் சிரிப்பு வந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்பு அகுதாகவாவின் ‘ராஷோமோன்’ கதை அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு பத்திரிகையில் வந்தபோது கண்டுகொள்ள ஆளில்லை. ‘மூக்கு’ மட்டும் தப்பியதற்குக் காரணம், இந்த நண்பர்கள் வியாழக்கிழமைதோறும் சோசெகி வீட்டில் கூடும் கூட்டத்துக்குப் போய்வந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கடிதத்திலேயே சோசெகி, இதை அதிகம் பேர் கவனிக்க மாட்டார்கள், அதைப் பொருட்படுத்தாமல் எழுதிக்கொண்டே போங்கள் என்றும் சொல்லியிருந்தார். கட்டுரையில் இதுவும் விடுபட்டுவிட்டது.

ஐவரில் ஒருவரான கிகுச்சி கான் அப்போது கியோட்டோவில் படித்தார். படைப்புகளை அங்கிருந்தே அனுப்புவார். அவருடைய ‘தந்தை திரும்புகிறார்’ நாடகம் 1917 ஜனவரி இதழில் வந்து, பேச்சு மூச்சில்லாமல் போனது. 1920-ல் மேடையேறிய பிறகுதான் அதை எல்லோரும் கொண்டாடினார்கள். 1927-ல் இறந்துபோன நண்பரின் பெயரில் 1935-ல் அகுதாகவா பரிசு என்ற இலக்கியப் பரிசை ஏற்படுத்தியவர் இதே கிகுச்சி. பரிசைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர் இவரை எப்படி மறந்தார்?

சோசெகி 1916 டிசம்பரில் காலமானார். அடுத்த மார்ச்சில் அவருக்கான அஞ்சலி இதழோடு பத்திரிகையும் நின்றது. ஆயுள் ஒரு வருஷம் சொச்சம்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் மொழிபெயர்ப்புக் கதைகளின் கீழே, மூலம் முதலில் வந்த பத்திரிகையையும் ஆண்டையும் போடுங்கள். ஒரு வரி இடம் போதும். கிகுச்சியின் அந்த நாடகத்தையும் யாராவது தமிழில் தந்தால் சந்தோஷம்.

– ஒரு பழைய சந்தாதாரர், திருநெல்வேலி