துள்ளும் துளிகளும் விடுபடும் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீரை ஒட்டவிடாத நானோ பரப்பைக் கண்டன்சர் (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலன்) குழாய்களில் உருவாக்கினால் அனல் மின் நிலையங்களின் திறன் பெருகும் என்று செய்திகள் வருகின்றன. ஆய்வு உண்மையானது, அருமையானது. ஆனால் அதன் வரம்பையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சாதாரணக் குழாயில் நீராவி படலமாகப் படிந்து வெப்பத்தைத் தடுக்கிறது. நீர்விலக்கும் பரப்பில் அது துளிகளாகி வழிந்துவிடுவதால் நீராவிப் பக்க வெப்பக் கடத்தல் பல மடங்கு கூடும். ஜெர்மனியில் ஷ்மிட் குழுவினர் 1930இலேயே இதைக் காட்டினர். நானோ பரப்பில் இன்னொன்றும் நடக்கிறது: நுண்துளிகள் இரண்டு சேரும்போது மிஞ்சும் பரப்பாற்றலால் தாமே துள்ளி விலகுகின்றன. 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு, செம்பு ஆக்ஸைடு பரப்பில் வழவழப்பான நீர்விலக்குப் பூச்சைவிட 30 சதவீதம் கூடுதல் கடத்தலை அளந்தது.

ஆனால் அது மிகைநிறைவு (நீராவியின் அழுத்தத்துக்கும் குழாய்ப் பரப்பின் வெப்பநிலையிலான நிறைவழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 1.12க்குள் இருந்தபோது கிடைத்த பலன். கண்டன்சரின் 0.1 பார் நீராவிக்கு (46 டிகிரி) இதன் பொருள், குழாய்ப் பரப்பு நீராவியைவிட 2 டிகிரி சொச்சம் மட்டுமே குளிர்ந்திருக்கலாம் என்பதே. அதற்கு மேல் குளிர்ந்தால் துளிகள் நெருக்கமாக முளைத்து நானோ இடுக்குகளுக்குள்ளேயே நிறைந்துவிடும். துள்ளல் நிற்கும், பலன் வழவழப்பான பூச்சுக்கும் கீழே போகும்.

மொத்தக் கணக்கையும் பாருங்கள். உதாரணமாக, நீராவிப் பக்கக் கடத்தல் எண் 10,000, குளிர்நீர்ப் பக்கம் 5,000 வாட்/சதுர மீட்டர்-கெல்வின் என்று கொள்வோம். முதல் எண்ணை ஐந்து மடங்காக்கினாலும் மொத்தம் 3,333இலிருந்து 4,545 வரைதான் உயரும். குழாய்க்குள் பாசியும் உப்பும் படிந்திருந்தால் அதுவும் சுருங்கும். கண்டன்சரின் வெற்றிடத்தில் கசிந்து நுழையும் காற்று, ஒரு சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், பெரும் பங்கைத் தின்றுவிடும். கசிவை அடைப்பதும் குழாயைத் துலக்குவதும்தான் முதல் வேலை.

செம்புத் தகட்டில் இதைச் செய்து பார்க்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கு: அசிட்டோனில் கழுவி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம் வைத்து, 100 கிராம் நீருக்கு 3.75 கிராம் சோடியம் குளோரைட், 5 கிராம் சோடியம் ஹைட்ராக்ஸைடு, 10 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் டோடெக்காஹைட்ரேட் கலந்த 96 டிகிரிக் கரைசலில் இட வேண்டும்; அதில்தான் செம்பு ஆக்ஸைடு நானோ பரப்பு உருவாகும். இடையில் தகட்டை நன்றாக அலசுங்கள்; அமிலமும் குளோரைட்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் டைஆக்ஸைடு கிளம்பும். கடைசியில் நீரை விலக்குவதற்காக ஏற்றும் ஃபுளோரோசிலேன் படலம் ஒரு மூலக்கூறு தடிமன்தான். கொதிநீராவியில் சில மணி நேரத்திலேயே அது சிதையத் தொடங்கலாம்.

ஆகவே இத்தகைய செய்தியை வெளியிடும்போது, மிகைநிறைவு எவ்வளவு, பூச்சு எத்தனை மணி நேரம் தாங்கியது என்ற இரண்டு எண்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெப்பப் பொறியியல் ஆசிரியர்கள் சிலர்