கடவுச்சொல் மாற்றம் பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகள் தங்கள் பாடசாலைக் கூகிள் கணக்கின் கடவுச்சொல்லைத் தவணைதோறும் மாற்ற வேண்டும் என்றிருந்த விதியை இந்தத் தவணையோடு நிறுத்துகிறோம். இனிக் காரணம் இருந்தால் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் காரணம் ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்பீர்கள். மாற்றச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலாந் தவணையில் தன் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியில் 1. இரண்டாந் தவணையில் அதே பெயர், அதே ஆண்டு, கடைசியில் 2. மூன்றாந் தவணையில் என்ன வரும் என்று பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் தெரியும். அதையும் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் கணிதக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கொப்பியோ பார்த்தெழுதுவதற்காக வகுப்பு முழுக்கக் கைமாறும். இதில் பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல முடியாது, பெரியவர்களும் அலுவலகங்களில் இதையேதான் செய்கிறார்கள். எண்ணும் குறியீடும் கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற பழைய ஆலோசனையை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003 இல் எழுதியவர் பில் பர். 2017 இல் அந்த நிறுவனமே தன் வழிகாட்டியை மாற்றியது: காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததற்கு அடையாளம் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்றது. அதே ஆண்டில் பர்ரும், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். எழுதியவரே கைவிட்ட விதியை நாம் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சரி, எதைக் காரணம் என்று எடுத்துக்கொள்வது? கடவுச்சொல் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் உயிர்த் தோழனாக இருந்தாலும். போன் தொலைந்துவிட்டது. அதே கடவுச்சொல்லை ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்திலும் கொடுத்திருக்கிறது. வந்த லிங்க் ஒன்றை அழுத்தி அதில் தட்டச்சு செய்துவிட்டது. இவற்றோடு கொழும்பில் நாங்கள் அடிக்கடி காணும் இன்னொன்றும் உண்டு, அது கொமினிகேஷன் கடை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாடசாலை விட்டுப் போகிற வழியில் ஒப்படையைப் பிரின்ட் எடுக்கப் பிள்ளை கடைக்குள் போகிறது. கடைக் கணினியில் தன் கணக்கைத் திறக்கிறது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று குரோம் கேட்கிறது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், வேனும் வந்துவிட்டது. சேமி என்பதை அழுத்திவிட்டு, தாள்களை வாங்கி, காசைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறது. அடுத்ததாக அந்தக் கதிரையில் உட்காருகிறவருக்கு ஈமெயில், டிரைவ், கிளாஸ்ரூம் எல்லாம் திறந்தே கிடக்கும். கடைக்காரரில் பிழையில்லை, அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பிரின்ட் எடுக்கவேண்டிய கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோனால் அங்கே கணக்கைத் திறக்கும் தேவையே வராது (பென் டிரைவில் வைரஸ் ஏற்றிக்கொண்டு வரும் கதை வேறு, அதை இன்னொரு கடிதத்தில் பேசுவோம்). திறந்துதான் ஆகவேண்டும் என்றால் குரோமின் மறைநிலைச் சாளரத்தில் (இன்கொக்னிட்டோ என்பார்கள், மூடியதும் உள்ளே போன தடயத்தை அந்தக் கணினியில் வைத்திருக்காது) திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறி, சாளரத்தையும் மூடிவிட்டு எழும்பச் சொல்லுங்கள். மறந்து வந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் மற்றக் கணினிகளில் திறந்திருக்கும் கணக்கைக் கூகிள் பெரும்பாலும் தானாகவே வெளியேற்றிவிடும்.

மாற்றும் முறை கடினமில்லை. கணக்கைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கும். கடவுச்சொல் அதற்குள்தான். அங்கேயே, கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. தெரியாத கணினியோ போனோ இருந்தால் அதை வெளியேற்றிவிடுங்கள். யாராவது உள்ளே வந்து போயிருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால், ஜிமெயில் அமைப்புகளில் கடிதங்கள் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். உள்ளே வந்தவர் அப்படியொன்றைச் செய்து வைத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதால் மட்டும் அது போகாது.

மாற்றிய பிறகு வீட்டுப் போனும் டெப்பும் மறுபடி கடவுச்சொல் கேட்கும். இதைக் கண்டு, கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்று பதறி எங்களை அழைக்கும் பெற்றோர் பலர். பதற ஒன்றுமில்லை, புதியதைக் கொடுத்தால் திறக்கும். குரோம் பழையதையே தானாக நிரப்பிவிட்டு, பிழை என்றும் சொல்லும். அந்த நேரம் பழையதை அழித்துவிட்டுப் புதியதைத் தட்டச்சு செய்து, புதுப்பிக்கவா என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள். சொந்த போனில் சேமிப்பதில் தவறில்லை. ஒப்படைகள், படங்கள், டிரைவில் இருக்கும் கோப்புகள் எதுவும் அழியாது.

அடுத்தது மறந்துபோன கடவுச்சொல். எங்கள் பிள்ளையின் பாஸ்வேர்ட் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் சேர் என்பார்கள். பார்க்க முடியாது. நிர்வாகியாக இருக்கும் எங்கள் ஆசிரியருக்கும் அது தெரியாது. கூகிள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணக்கீட்டுக்குள் அனுப்பி, வெளியே வருவதை மட்டும் வைத்துக்கொள்கிறது. அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதது போல, அதிலிருந்து பழைய சொல்லை எடுக்க முடியாது. எங்களால் முடிந்ததெல்லாம் தற்காலிகமான ஒன்றைப் போட்டுக் கொடுப்பது. அதைக் கொண்டு உள்ளே போனதும் புதியது வைக்கச் சொல்லிக் கூகிளே கட்டாயப்படுத்தும்படி விடுவோம். அதன் பிறகு எங்களுக்கும் தெரியாது.

இந்தத் தற்காலிகக் கடவுச்சொல் இனிப் பிள்ளையின் கையில் நேரே மட்டும் கொடுக்கப்படும். பிள்ளை மாணவர் அடையாள அட்டையோடு கணினி கூடத்துக்கு வரவேண்டும். தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் கொடுக்க மாட்டோம். இரவு ஒன்பது மணிக்கு, நாளைக்கு ஒப்படைக்குக் கடைசி நாள் என்று அழைத்தாலும் கொடுக்க மாட்டோம். அண்ணா பேசுகிறேன், மாமா பேசுகிறேன் என்று வரும் குரல் யாருடையது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கண்டிப்பாக இருக்கிறோம் என்று சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஒப்படைக்கு ஒருநாள் தவணை கொடுக்கலாம், போன கணக்கை மீட்பதுதான் பெரும்பாடு. சுகமில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் வகுப்பாசிரியர் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லுவார்.

புதிய கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? கூகிள் குறைந்தது 8 எழுத்துக் கேட்கும், 100 வரை ஏற்கும். தமிழ் எழுத்துகளை ஏற்காது, ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்தால் நீளமும் வரும், நினைவிலும் நிற்கும்: இடியப்பம், குடை, ஆமை, செவ்வாய். (இந்த நாலையும் யாரும் வைக்க வேண்டாம், இந்தக் கடிதம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது.) பாடசாலைப் பெயர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், பிடித்த கிரிக்கெட் வீரர் எல்லாம் வேண்டாம்.

பெற்றோருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறீர்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளை என்றால் ஒரு தாளில் எழுதி உங்கள் அலுமாரியில் வைத்திருங்கள். தாளில் எழுதக்கூடாது என்பார்கள், ஆனால் வீட்டு அலுமாரித் தாளை விட வட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான் அதிக தூரம் போகும். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் வாங்கி வைப்பதை நான் விரும்பவில்லை. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளையின் கணக்கு 24 மணித்தியாலத்தில் மூடப்படும், இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று எந்தச் செய்தி வந்தாலும் அது எங்களுடையது அல்ல. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் முகவரி அக்கவுண்ட்ஸ் டொட் கூகிள் டொட் கொம் என்று இருக்க வேண்டும். அதோடு, விளையாட்டுக்காகக்கூட இன்னொருவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு விலகும் மாணவர்களின் கணக்குகள் பின்னர் நிறுத்தப்படும். வேண்டிய கோப்புகளை அதற்கு முன் தங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

கணினி கூடம் பாடசாலை நாட்களில் இடைவேளையிலும், பாடசாலை விட்ட பின் அரை மணித்தியாலமும் திறந்திருக்கும். விடுமுறையில் திறக்க மாட்டோம். கடவுச்சொல் மறந்த பிள்ளைகள் தவணை முடிவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
அதிபர்