கோவாக்ஸ் பற்றி நீ கேட்டது

அன்புள்ள முருகேசா,

கடிதம் வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியதால்தான், ஏழை நாடுகளுக்கும் கொரோனா தடுப்பூசி கிடைக்கச் செய்யத் தொடங்கிய சர்வதேசத் திட்டமான கோவாக்ஸ் படுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் ஏறாத தடுப்பூசியைக் கோவாக்ஸ் விநியோகிக்கவில்லை. தாமே ஆராய்ந்து பார்க்க வசதியில்லாத நாடுகளும் அதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கும். கோவிஷீல்டு 2021 பிப்ரவரி 15 அன்று அதில் ஏறியது. ஒன்பதே நாளில், புனேயில் தயாரான 6 லட்சம் டோஸ் கானாவின் அக்ராவில் போய் இறங்கிவிட்டது. சர்வதேச அமைப்புகளிடம் இவ்வளவு சுறுசுறுப்பா என்று எனக்கே ஆச்சரியம்.

மார்ச்சில் இங்கே தொற்று ஏறியதும் ஊசி வெளிநாடுகளுக்குப் போவது நின்றது. ஏப்ரல், மேயில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்ததே, அப்போது எந்த அரசுதான் அனுப்பும்? ஏழை நாடுகளுக்கான சரக்கில் பெரும்பங்குக்கு, கோவிஷீல்டு தயாரித்த புனே சீரம் இன்ஸ்டிடியூட் என்ற ஒரே கம்பெனியை நம்பியிருந்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஃபைசர் ஊசி 2020 டிசம்பர் 31 அன்றே பட்டியலில் ஏறியிருந்தது. ஆனால் பட்டியலில் இருந்தால் போதுமா? பணக்கார நாடுகள் முன்பணம் கட்டி வரிசையின் முன்னால் நின்றன. 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்ன கணக்கு ஞாபகமிருக்கிறதா? வசதியான 49 நாடுகளில் 3.9 கோடி டோஸ் போட்டாயிற்று, மிக ஏழை நாடு ஒன்றில் 25. ஆயிரமோ லட்சமோ இல்லையப்பா, வெறும் 25!

2021 முடிவதற்குள் கோவாக்ஸ் வழியாக 200 கோடி டோஸ் என்றார்கள். 100 கோடியைத் தொடவே 2022 ஜனவரி நடுவாகிவிட்டது.

காப்புரிமையைத் தளர்த்தச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே கேட்டன. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் ஏதோ கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் ஊசி தேங்கி, புனேயில் உற்பத்தியையே நிறுத்தியிருந்தார்கள். பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை.

2025 மேயில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றிருக்கிறார்கள். அடுத்த முறை, அதில் சேரும் கம்பெனிகள் உற்பத்தியில் 20 சதவீதம் வரை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டுமாம். எனக்கு அரை நம்பிக்கைதான். ஆலைகள் பல நாடுகளில் இல்லாதவரை, நெருக்கடியில் ஒவ்வொரு அரசும் தன் வாசலைத்தான் முதலில் சாத்தும். நீ மறுப்பாய், தெரியும். மறுத்து எழுது. தங்கச்சிக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு.

அன்புடன்,
கோபால்